மாதக் கடைசியிலும் பால் உண்டு!

சம்பள நாள் எது என்று யாரையும் கேட்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி கடைத் தெருவில் நின்று பார்த்தாலே தெரிந்து விடும்.

அன்று மாலை மளிகைக் கடையில் கூட்டம் நெரியும். கோழிக் கடையில் வரிசை நிற்கும். குழந்தை கேட்ட பொம்மை உடனே கைக்கு வரும்.

இருபத்தைந்தாம் தேதி அதே தெருவுக்குப் போய்ப் பாருங்கள். "அண்ணாச்சி, கணக்குல எழுதிக்குங்க" என்ற குரல்தான் அதிகம் கேட்கும்.

தமிழ்நாடு அரசு 1971-ல் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. அதை நம்பி வாழும் இளம் குடும்பங்கள் ஏராளம். கணவன் ஷிப்டுக்குப் போகிறான். சில வீடுகளில் மனைவியும் வேலைக்குப் போகிறாள். சம்பளம் மாதம் ஒரு முறை வருகிறது. வயிறோ தினம் மூன்று முறை கேட்கிறது!

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். தேதி இருபத்தெட்டு.

"என்னங்க, புள்ளைக்குப் பால் வாங்கணும். இருபது ரூபா இருக்கா?"

"போன வாரந்தானே ஐந்நூறு கொடுத்தேன்? எங்கே போச்சு?"

"நானா தின்னுட்டேன்?"

இந்தச் சண்டை பல வீடுகளில் மாதம் தவறாமல் நடக்கிறது. பணத்தை யாரும் திருடவில்லை. பங்கு போட்டதில்தான் கோளாறு.

நாலால் வகுக்காதீர்கள்

வாடகை, மின்சாரம், காஸ், பள்ளிச் செலவு, கடன் தவணை எல்லாம் போயிற்று. சாப்பாட்டுக்கு 7,500 ரூபாய் மிச்சம் என்று வைத்துக் கொள்வோம்.

மாதத்துக்கு நாலு வாரம் என்று நாம் சொல்லிப் பழகி விட்டோம். 7,500-ஐ நாலால் வகுத்தால் வாரத்துக்கு 1,875 ரூபாய். கணக்கு சரிதானே?

சரி இல்லை! நாலு வாரம் என்பது 28 நாள். மாதத்துக்கு 30 நாள். சில மாதங்களுக்கு 31. அந்த இரண்டு மூன்று நாளுக்குச் சோறு யார் போடுவது? நாலு வாரக் கணக்கு சரியாக வருவது 28 நாள் உள்ள பிப்ரவரியில் மட்டுமே.

ஆகவே முதலில் முப்பதால் வகுங்கள். நாளுக்கு 250 ரூபாய் வரும். அதை ஏழால் பெருக்குங்கள். வாரத்துக்கு 1,750 ரூபாய். நாலு வாரத்துக்கு 7,000. மீதி 500 ரூபாய் கடைசி இரண்டு நாளுக்கு. 31 நாள் மாதம் என்றால் முப்பத்தொன்றால் வகுத்துக் கொள்ளுங்கள்.

வாரத்துக்கு 125 ரூபாய் குறைத்துக் கொண்டால் அந்த இரண்டு நாள் கடன் இல்லை. பால் நிற்காது.

பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் காசு ஒளித்து வைப்பார்கள். இந்தக் கணக்குக்கும் ஐந்து அறை வேண்டும். நாலு வாரத்துக்கு நாலு கவர். கடைசி நாட்களுக்கு ஐந்தாவது கவர். அதன் மேல் 29, 30 என்று தேதியை எழுதி விடுங்கள். அதற்கு முன்னால் அதைத் திறக்கக் கூடாது.

போனில் பணம் கட்டும் வசதி 2016-க்குப் பிறகு பரவியது. வசதிதான். ஆனால் கையில் இருக்கும் நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரியும். போனில் இருக்கும் பணம் குறைவது தெரிவதில்லை. சாப்பாட்டுப் பணத்தையாவது ரொக்கமாக எடுத்துக் கவரில் வையுங்கள்.

முதலில் ரேஷன் கடை

எல்லாச் சாமானையும் வாரா வாரம் வாங்க முடியாது. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் மாதச் சாமான். இதற்கு 1,800 ரூபாய் ஒதுக்குவோம். ஆனால் மளிகைக் கடைக்குப் போவதற்கு முன்னால் ரேஷன் கடைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். நாலு பேர் உள்ள அட்டைக்கு இரண்டு கிலோ கிடைக்கும். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 105 ரூபாய்தான்! இதே சாமானை வெளிக் கடையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ரேஷன் அரிசி வேண்டாம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சோற்றுக்குப் பிடிக்கவில்லையா? இட்லிக்கு ஊறப் போடுங்கள். நன்றாக வரும்.

"எங்க கார்டு ஊர்ல இருக்குங்க" என்பார்கள் வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அதனால் என்ன? 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் சேர்ந்தது. நெல்லையில் எடுத்த அட்டைக்குக் கும்மிடிப்பூண்டியில் சாமான் வாங்கலாம். பீகாரிலிருந்து வந்த தொழிலாளியும் தன் அட்டைக்குரிய தானியத்தை இங்கே வாங்கலாம். அட்டையை ஊரில் பூட்டி வைக்காதீர்கள்.

மளிகைக் கடைப் பில்லில் இன்னொன்றைக் கவனியுங்கள். சோப்பு, ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எல்லாம் அதிலேயே இருக்கும். அவை சாப்பாடு அல்ல. அவற்றைத் தனியாக எழுதுங்கள். இல்லா விட்டால் "சாப்பாட்டுச் செலவு ஏறி விட்டது" என்று நினைத்துப் பாலைக் குறைப்பீர்கள்.

வாரக் கவர்

மாதச் சாமான் 1,800 போக, நாலு கவரிலும் தலா 1,300 ரூபாய் இருக்கும். ஐந்தாவது கவரில் 500. மொத்தம் 7,500 சரியாக வருகிறதா?

1,300-ல் முதல் பங்கு பாலுக்கு. லிட்டர் 40 ரூபாய் வீதம் தினம் ஒரு லிட்டர் என்றால் வாரத்துக்கு 280. பதினாலு முட்டைக்குச் சுமார் 90. காய், கீரை, பழத்துக்கு 450. ஒரு நாள் மீனோ கோழியோ, 200. விலை ஊருக்கு ஊர் மாறும். வாரத்துக்கு வாரமும் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளுங்கள். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். பாலும் முட்டையும் கீரையும் முதலில் எழுத வேண்டியவை. பலர் இவற்றைக் கடைசியில் எழுதுகிறார்கள். அதனால்தான் இவை முதலில் வெட்டுப்படுகின்றன.

மீன் விலைக்கு ஒரு காலண்டர் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது கடல் மீன் விலை ஏறும். அந்த வாரங்களில் முட்டை வாங்கலாம். பழவேற்காட்டு ஏரி மீன் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். திருவள்ளூர் பக்கம் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. அமாவாசை அன்று வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டம் ஊரையே அடைத்து விடும். காயை முந்தின நாளே வாங்கி விடுங்கள்.

இதுவரை 1,020 ரூபாய் ஆயிற்று. மீதி 280. அதில்தான் அடுத்த சண்டை!

டீயும் வடையும்

கணவன் வேலைக்குப் போகும்போது ஒரு டீ, ஒரு வடை. திரும்பும்போது ஒரு டீ, ஒரு வடை. ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்றால் நாளுக்கு 40. இருபத்தாறு வேலை நாளுக்கு 1,040 ரூபாய். வீட்டில் ஒரு மாத முட்டைச் செலவு 400 ரூபாய்கூட இல்லை!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மத்திய அரசு 2022-23-ல் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டின் கிராமங்களில் நூறு ரூபாய் செலவில் சுமார் 46 ரூபாய் சாப்பாட்டுக்குப் போனது. அதில் அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்கு சுமார் 5 ரூபாய். டீ, காப்பி, பாக்கெட் தின்பண்டம், கடைச் சாப்பாடு வகைக்கு 10 ரூபாயை நெருங்கியது!

இரவு ஷிப்டில் இயந்திரத்தோடு நிற்பவனிடம் டீ குடிக்காதே என்று சொல்வது நியாயம் இல்லை. ஒன்றைக் கடையில் குடிக்கட்டும். கேன்டீன் உள்ள தொழிற்சாலையில் இன்னொன்றை அங்கே குடிக்கட்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வழி செய்தது. அப்படிச் செய்தால் கடை டீக்கு வாரம் 120 ரூபாய். பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு 30. மீதி 130 ரூபாய் கை இருப்பு. விருந்தாளி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

குன்னூரில் பிறந்த கணக்கு

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு சாப்பாடு தேவை? இதை நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் ஆராய்ந்தார். அவர் டாக்டர் வாலஸ் அய்க்ராய்டு. 1935 முதல் 1945 வரை குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்தார். எந்த உணவில் என்ன சத்து இருக்கிறது என்று 1937-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய் விட்டது.

1957-ல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க அய்க்ராய்டின் கணக்கை எடுத்துக் கொண்டது. ஒரு ஆளுக்கு நாளுக்கு 2,700 கலோரி. கணவன் ஒரு பங்கு, மனைவி 0.8 பங்கு, இரண்டு குழந்தைகளுக்கும் தலா 0.6 பங்கு. மொத்தம் மூன்று பங்கு. துணி வருஷத்துக்கு 72 கஜம். 1991-ல் சென்னை மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போனது. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை போன்றவற்றுக்காகக் கூலியில் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது.

அந்தக் கணக்குப்படி தாய்க்கு 0.8 பங்கு. மாதத்தின் கடைசி வாரத்தில் அவள் தட்டில் விழுவது எவ்வளவு? கணவனுக்கு வைத்து, பிள்ளைகளுக்கு வைத்து, மிஞ்சியதை அவள் சாப்பிடுகிறாள். "எனக்குப் பசிக்கலை" என்கிறாள். வாரக் கணக்கு போடச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். கர்ப்பிணியாக இருந்தால் அங்கன்வாடியில் பெயர் பதிந்து சத்துமாவு வாங்க வேண்டும். அது உரிமை. பிள்ளை அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படித்தால் 2023 ஆகஸ்டு முதல் காலைச் சிற்றுண்டியும் அங்கேயே கிடைக்கிறது. மதியம் சத்துணவில் முட்டையும் உண்டு. அப்படி மிஞ்சும் முட்டை தாயின் தட்டுக்குப் போகட்டும்.

அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டை உடனே மூடி விட முடியாது. ஆபத்துக் காலத்தில் அவர் கொடுத்த பருப்பை மறக்கவும் கூடாது. ஆனால் மாதம் ஒரு முறை தீர்க்கும் கணக்கை வாரம் ஒரு முறை தீர்த்து விடுங்கள். கடன் சொல்லி வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. கையில் காசோடு போனால் "என்ன அண்ணாச்சி, போன வாரத்தை விட ரெண்டு ரூபா கூட இருக்கே?" என்று கேட்கலாம்.

எந்த நாளில் தொடங்குவது? ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. சிலருக்குப் புதன்கிழமை வார விடுமுறை. கணவன், மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் நாளே கவர் திறக்கும் நாள். சென்ற வாரம் என்ன மிஞ்சியது என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் கணக்கு எழுத, மற்றவர் கேள்வி கேட்டுக் கொண்டிருந்தால் மூன்றாவது வாரமே நோட்டு மூலைக்குப் போய் விடும்!

முதல் மாதம் கணக்கு இடிக்கும். ஏதாவது ஒன்று விலை ஏறும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளிலேயே அதை 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஐந்தாவது கவரில் கை வைக்காதீர்கள். தக்காளியை விட்டு விட்டுப் புளிக்குழம்பு வையுங்கள். முருங்கைக் கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே கிடைக்கும்.