வயல் நீரும் எலிக்காய்ச்சலும்

பெரும்போக மழை பெய்து வயல்களில் நீர் கட்டிய சில கிழமைகளுள், வைத்தியசாலைகளுக்குக் கடுங்காய்ச்சலுடன் வருவோர் தொகை கூடுவது வழக்கம். அவர்களுட் பலர் நாள் முழுவதும் சேற்றில் நின்று உழைக்கும் திடகாத்திரமான ஆண்கள். மழையில் நனைந்ததனால் வந்த காய்ச்சல் என்றெண்ணி, மல்லித் தண்ணீர் வைத்துக் குடித்து, மூன்று நான்கு நாள் வீட்டிற் படுத்திருந்த பின்னரே அவர்கள் வைத்தியரை நாடுகின்றனர். நோய் எலிக்காய்ச்சலாயின், அந்த நாட்களுள்ளேயே சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதடையத் தொடங்கிவிடக் கூடும். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றவர் பெரும்பாலும் சுகமடைந்து வீடு திரும்புகின்றார். காலந் தாழ்த்தி வந்தவரைக் காப்பாற்றுவது வைத்தியருக்கும் கடினமாகின்றது.

இந்நோயை 1886-இல் ஜேர்மனிய வைத்தியர் அடோல்வ் வைல் என்பவர் விவரித்தார். அதனை உண்டாக்கும் கிருமியை 1915-இல் யப்பானிய அறிஞராகிய இனாடா, இடோ என்போர் சுரங்கத் தொழிலாளரிடையே கண்டறிந்தனர். இலங்கையில் அது 1959-இல் உறுதிப்படுத்தப்பட்டது. நெடுங்காலமாக இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை முதலிய ஈரவலய மாவட்டங்களின் நோயாகவே அது கருதப்பட்டு வந்தது. 2008-ஆம் ஆண்டில் நாடெங்கும் 7,000-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. இறந்தோர் 200-க்கு மேற்பட்டனர். 2024 நொவெம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் பின், டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என முதலிற் பேசப்பட்ட நோயும் எலிக்காய்ச்சலே என ஆய்வுகூடப் பரிசோதனைகளால் தெரியவந்தது. அதற்குள் பல உயிர்கள் போயிருந்தன. வரண்ட வலயத்துக் கமக்காரர் இது தமக்குரிய நோயன்று என இனி இருக்க முடியாது.

யாழ்ப்பாணத்து நிலைமையிற் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. அங்கு மானாவாரி வயல்களிற் பெரும்பாலும் புழுதி விதைப்பே நடைபெறுகின்றது. விதைக்கும்போது நிலம் உலர்ந்திருப்பதால் அவ்வேளையில் ஆபத்துக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் நின்ற பின், களை பிடுங்குவதற்கும் பசளை வீசுவதற்கும் முழங்காலளவு நீரில் இறங்கும்போதே ஆபத்து வருகின்றது. மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய பகுதிகளின் நீர்ப்பாசன வயல்களிலோ சேற்றுழவும் வரம்பு கட்டுதலும் முதற்கொண்டே அது தொடங்கிவிடுகின்றது. எனவே, எச்சரிக்கையாயிருக்க வேண்டிய காலத்தை மாதத்தைக் கொண்டு தீர்மானிப்பதிலும், வயலில் நீர் நிற்குங் காலத்தைக் கொண்டு தீர்மானிப்பதே பொருத்தமானது.

நோய்க்கிருமி எலியின் சிறுநீரகத்தில் வாழ்கின்றது. எலிக்கு அதனால் யாதொரு வருத்தமும் தோன்றுவதில்லை. மாதக்கணக்காகத் தன் சிறுநீருடன் கிருமியை வெளியேற்றித் திரிகின்றது. அச்சிறுநீர் உலர்ந்த மண்ணில், கடும் வெயிலில் விழுந்தால் கிருமி விரைவில் மடியும். நீர் நிற்கும் வயலிலும் ஈரச் சேற்றிலும் விழுந்தால் கிழமைக்கணக்காகவும், சில வேளை மாதக்கணக்காகவும் உயிருடனிருக்கும். நீரில் நிற்பவரின் காலிலுள்ள கீறல், வெடிப்பு, சேற்றுப்புண் ஆகியவற்றின் வழியாக அது உடலினுட் செல்கின்றது. நெடுநேரம் நீரில் ஊறி மென்மையடைந்த தோலும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வும் அதற்கு வழிவிடுகின்றன.

எலிக்காய்ச்சல் என்னும் பெயரினால் ஒரு தவறான எண்ணமும் பரவியுள்ளது. தன் வயலில் எலி இல்லை, ஆகவே தனக்குப் பயமில்லை என்பர் சிலர். மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியனவும் இக்கிருமியைத் தாங்கித் திரியக் கூடியவை. மாட்டுப்பட்டியைக் கழுவிய நீர் வாய்க்காலிற் கலந்து அடுத்தவர் வயலுக்குப் போகும் இடங்களில், எலியைக் காணாமலே நோயைப் பெறலாம். ஒருமுறை நோய் வந்து சுகமானவருக்கு அது மீண்டும் வராது என்பதும் பிழையே. இக்கிருமியில் 250-க்கு மேற்பட்ட வகைகளுண்டு. ஒருவகைக்கு எதிராக உடல் பெற்ற வலிமை பிறவகைகளுக்கு எதிராகப் போதியதன்று.

வயல் வேலைகளுள் வரம்பு செதுக்குதலையும் வரம்பு கட்டுதலையும் தனியே குறிப்பிடல் வேண்டும். எலி வளை தோண்டுவது வரம்பிலேயே. வளையையும் அதனைச் சூழ்ந்த மண்ணையும் கையாற் கிளறி எடுப்பவர், கிருமி மிகுந்திருக்கக் கூடிய இடத்திலேயே கையை வைக்கின்றார். வரம்பின் அகலத்தை ஓரடிக்குட்பட வைத்தால் எலி வளை தோண்டுதல் அரிதாகும். வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பதும், மதிய உணவின் மிச்சத்தை வரம்பிற் கொட்டாது விடுவதும் நன்று. ஒரு வெளியிலுள்ள கமக்காரர் யாவரும் ஏறக்குறைய இரண்டு கிழமைக்குள் விதைப்பை முடிப்பாராயின், எலிக்குக் கதிர் கிடைக்குங் காலம் சுருங்கி அதன் பெருக்கமும் குறையும். விளைச்சலைக் காப்பதற்கென நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் இம்முறைகள் உடல்நலத்துக்கும் உதவுவன.

இறப்பர்ச் சப்பாத்து அணியுமாறு சுகாதாரப் பகுதியினர் கூறுகின்றனர். வரம்பு வேலைக்கும், வாய்க்கால் துப்புரவுக்கும், பட்டி கழுவுவதற்கும் அது உகந்தது. உழுத சேற்றிலோ ஒவ்வோர் அடிக்கும் அது புதைந்து நிற்பதை வயலில் இறங்கிய எவரும் அறிவர். சேற்றில் அணிய முடியாதென்பதற்காக ஏனைய வேலைகளிலும் அதனை ஒதுக்கிவிடலாகாது. வெறுங்காலுடன் இறங்கவேண்டிய வேளையில், கால் கைகளிலுள்ள புண்களை நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொண்டு இறங்குதல் வேண்டும். ஆழமான புண்ணுடையவர் அது ஆறும்வரை வேறு வேலை பார்ப்பதே நலம்.

வாய்க்கால் நீரில் முகங் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் பலரிடமுள்ள பழக்கம். கண்ணுக்கும் வாய்க்கும் கிருமியை நேரே கொண்டுசெல்லும் வழி அது. சேறு படிந்த கையால் வெற்றிலை மடித்து வாயிலிடுவதும் அத்தகையதே. இதனைச் சொன்னால் முதியவர் சிலர் சிரிப்பர், சொல்லாமல் விடவும் முடியாது. கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்து ஒரு போத்தலிற் கொண்டுசென்று குடிக்கவேண்டும். வேலை முடிந்ததும், வீடு செல்லும்வரை காத்திராது, சுத்தமான நீரினாலும் சவர்க்காரத்தினாலும் கை கால்களைக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இவை யாவற்றையும் செய்தாலும் சேற்றில் உழைப்பவருக்கு முழுப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. இங்கேதான் டொக்சிசைக்கிளின் என்னும் தடுப்பு மாத்திரை உதவுகின்றது. 1982-இல் பனாமா நாட்டுக் காட்டிற் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் போர்வீரரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும், மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். மருந்தற்ற மாத்திரை பெற்றோருள் 20 பேருக்கு நோய் கண்டது. டொக்சிசைக்கிளின் பெற்றோருள் ஒருவருக்கே கண்டது.

இம்முடிவைக் கேட்டு, மாத்திரை இருக்கையில் வேறொன்றும் வேண்டியதில்லை என்று எண்ணலாகாது. அப்போர்வீரர் ஏறக்குறைய மூன்று கிழமையே காட்டில் இருந்தனர். கமக்காரரோ ஆண்டுதோறும் அதே நீரில் நிற்பவர். கமக்காரரின் நிலைமைக்கு நெருங்கியது, வட அந்தமானில் 782 பேரிடையே நடைபெற்று 2000-இல் வெளியான ஆய்வாகும். அங்கு மாத்திரை எடுத்தோருக்கும் எடாதோருக்கும் கிருமி தொற்றிய அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆயினும் நோயாக வெளிப்பட்டது மாத்திரை எடுத்தோருள் நூற்றுக்கு 3 பேரளவிலும், எடாதோருள் நூற்றுக்கு 7 பேரளவிலுமாகும். மாத்திரை கிருமியைத் தடுக்கும் வேலியாக அமையாவிடினும், தொற்றிய கிருமி நோயாக முற்றுவதைப் பெரிதுங் குறைக்கின்றது. ஆனபடியால் மாத்திரை எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் கட்டாயம்.

இம்மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டுப் பெறலாம். வளர்ந்தவருக்கு வழக்கமான அளவு 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, கிழமைக்கு ஒருமுறை. நீரில் இறங்குமுன் தொடங்கி, இறங்கும் வேலை நீடிக்கும்வரை எடுத்தல் வேண்டும். கிழமையில் ஒரு நாளை, வெள்ளிக்கிழமை என்றோ சந்தைநாள் என்றோ குறித்துக்கொண்டால் மறதி ஏற்படாது. வெறுவயிற்றில் எடுத்தால் குமட்டல் உண்டாகும். உணவின் பின் நிறைந்த நீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காதிருத்தல் வேண்டும். தொண்டைக் குழாயில் தங்கினால் புண்ணாக்கும். பாலுடனும் இரும்புச்சத்து மாத்திரையுடனும் சேர்த்து எடுத்தால் மருந்து உடலிற் சேர்வது குறையும். சிலருக்கு வெயிலில் தோல் எரிவு உண்டாவதுண்டு. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறுவரும் இதனைத் தாமாக எடுத்தலாகாது. நாற்று நடவும் களை எடுக்கவும் பெண்கள் பெருந்தொகையாக இறங்குவதால், வேலைக்கு அழைப்போர் இதனை மறத்தலாகாது.

நோயை இனங்காண்பதிலுள்ள பெருந்தடை யாதெனில், நீரில் இறங்கிய நாளுக்கும் காய்ச்சல் வரும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் வரை செல்கின்றது. சிலருக்கு அது ஒரு மாதம் வரையும் நீள்கின்றது. களையெடுப்பு முடிந்து வேறு வேலைக்குப் போன பின் காய்ச்சல் வருவதால், நோயாளி வயலை நினைப்பதில்லை; வைத்தியரிடம் சொல்வதுமில்லை. நீரில் இறங்கும் ஒவ்வொரு நாளையும் சுவரிலுள்ள நாட்காட்டியில் ஒரு புள்ளியிட்டுக் குறித்தால் இக்குறை நீங்கும். காய்ச்சல் வந்ததும் வீட்டார் அதனைப் பார்த்து, இத்தனை நாளுக்கு முன் வயலில் நின்றார் என்று சொல்லக்கூடியதாயிருக்கும். டெங்குக் காய்ச்சலும் இதே மழைக்காலத்தில் ஏறக்குறைய இதே குறிகளுடன் வருவதால், அந்த ஒரு செய்தி வைத்தியருக்குப் பேருதவியாகும். குருதியில் எதிர்ப்புப் பொருள் தோன்ற ஏறக்குறைய ஒரு கிழமை செல்வதனால், முதல் நாட்களிற் செய்யும் பரிசோதனை நோயைக் காட்டாது போகலாம். நோயாளியின் வரலாற்றை நம்பியே வைத்தியர் பெனிசிலின் முதலிய மருந்துகளைத் தொடங்க நேரிடுகின்றது.

திடீரெனக் கடுங்காய்ச்சல், தாங்கொணாத் தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தொட்டாலே நோகும் தசைவலி, பீளையின்றிச் சிவந்த கண் ஆகியன தொடக்கக் குறிகள். சிறுநீர் குறைதல் அல்லது நிறம் கறுத்தல், கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் ஆகியன கண்டால் ஒரு மணி நேரமுந் தாமதித்தலாகாது. சிலருக்கு நாலாம் ஐந்தாம் நாளிற் காய்ச்சல் தணிந்து, ஓரிரு நாளின் பின் இக்கொடிய குறிகளுடன் திரும்பி வருவதுண்டு. காய்ச்சல் விட்டதென்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வயலுக்குப் போனோர் பலர். வலிக்கெனக் கடையில் வாங்கும் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அவை இரத்தப்போக்கைக் கூட்டவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவுங் கூடியவை. வைத்தியசாலை செல்லும்வரை அளவறிந்து பரசிற்றமோல் மாத்திரமே எடுக்கலாம்.

மேட்டு நிலத்திற் கிணற்று நீர் இறைத்து வெங்காயம், மிளகாய், கத்தரி செய்வோருக்கு நிலம் விரைவில் உலர்வதால் ஆபத்துக் குறைவு. எனினும் வெள்ளம் வடிந்த பின் தோட்டத்துப் பள்ளங்களில் தேங்கிய நீரை வெட்டிவிடும்போதும், வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும்போதும் அவர்களும் வயற்காரரைப் போன்றே நடந்துகொள்ள வேண்டும். அவ்வாறான கிணற்று நீரைக் குளோரின் இடுவித்த பின்னரே குடிக்கவும் கீரை கழுவவும் பயன்படுத்தலாம். குளோரின் இடுவதற்கான உதவியையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமே கேட்டுக்கொள்ளலாம்.