உங்களுக்குத் தெரியுமா? ராட்சத எறும்புத்தின்னி

மத்திய, தென் அமெரிக்காவில் வாழும் ராட்சத எறும்புத்தின்னி, மூக்கிலிருந்து வால் நுனிவரை சுமார் 2 மீட்டர் நீளம் இருக்கும். எடை 30 முதல் 50 கிலோ. இவ்வளவு பெரிய உடம்பு எறும்பையும் கறையானையும் மட்டுமே தின்று எப்படிப் பிழைக்கிறது?

● இதற்குப் பல்லே கிடையாது. இருப்பது சுமார் 60 செ.மீ. நீள நாக்கு. அதன் வேர் தொண்டையில் இல்லை, மார்பெலும்பில் இருக்கிறது! பசை போன்ற எச்சிலோடு நிமிடத்துக்கு 150 முறை வரை வெளியே வந்து உள்ளே போகும்.

● பல் இல்லாத குறையை இரைப்பை தீர்க்கிறது. அதன் தடித்த தசைகள் இரையை அரைக்கின்றன; எறும்போடு சேர்ந்து விழுங்கிய மண்ணும் மணலும் அதற்கு உதவுகின்றன.

● ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30,000 பூச்சிகள் வேண்டும். ஆனாலும் எந்தப் புற்றையும் இது காலி செய்வதில்லை. காவல் எறும்புகள் திரண்டு வந்து கடிப்பதற்குள், சுமார் ஒரு நிமிடத்திலேயே அடுத்த புற்றுக்குப் போய்விடும். புற்றும் பிழைக்கும், மறுபடி வந்தால் இரையும் கிடைக்கும்.

● எறும்பில் சத்து குறைவு. அதனால் செலவிலும் சிக்கனம். உடல் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ்தான். பாலூட்டிகளில் இது மிகக் குறைவு. நாளில் சுமார் 15 மணி நேரம் உறக்கம். அடர்ந்த வாலைப் போர்வையாக மேலே போர்த்திக்கொண்டு படுத்துவிடும்.

● பார்வை மந்தம். மோப்ப சக்தியோ மனிதருடையதைப் போல 40 மடங்கு என்று கணிக்கிறார்கள்.

● முன்னங்கால் நகங்கள் 10 செ.மீ. வரை வளரும். அவை தேயாமல் இருக்க விரல்களை மடக்கி, அவற்றின் முட்டிகளை ஊன்றி நடக்கிறது. சாதுவான பிராணிதான், ஆனால் தப்ப வழியில்லாமல் மடக்கினால் பின்னங்கால்களில் எழுந்து நின்று கிழித்துவிடும். 2012இல் பிரேசிலில் நாய்களோடு வேட்டைக்குப் போன ஒருவர் இதன் நகம் பட்டுத் தொடை ரத்தக்குழாய் அறுந்து இறந்தார்.

● ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. அது மாதக்கணக்கில் தாயின் முதுகிலேயே சவாரி செய்யும். குட்டியின் உடற்பட்டை தாயின் பட்டையோடு ஒட்டித் தெரிவதால், தூரத்திலிருந்து பார்த்தால் குட்டி இருப்பதே புலப்படாது.

● பிரேசிலின் செராடோ, பாண்டனால் சமவெளிகள் இதன் முக்கிய வாழிடங்கள். இரை தேடப் புல்வெளி வேண்டும். கடும் வெயிலிலும் குளிரிலும் ஒதுங்க மரக்கூட்டமும் வேண்டும். உடல் வெப்பம் குறைவு என்பதால் இரண்டில் ஒன்று போனாலும் திண்டாட்டம்தான். வெக்கை நாட்களில் இரவில் நடமாடும். குளிர் நாட்களில் பகலுக்கு மாறிக்கொள்ளும்.

● நன்றாக நீந்தும். அகலமான ஆறுகளையும் கடந்துவிடும்.

● நம் ஊர் அழுங்கும் எறும்புதான் தின்கிறது. அதற்கும் பல் இல்லை, நாக்கு நீளம். ஆனால் இரண்டும் உறவல்ல! அழுங்குக்கு நெருங்கிய சொந்தம் பூனை, நாய் வகையறா. ராட்சத எறும்புத்தின்னிக்கோ தேவாங்கு போல மந்தமாக நகரும் ஸ்லாத்தும் ஆர்மடில்லோவும். ஒரே உணவு, இரண்டு கண்டங்களில் ஒரே மாதிரி உடம்பை உருவாக்கியிருக்கிறது.

● உலர்ந்த நீண்ட ரோமம் சட்டெனத் தீப்பிடிக்கும். ஓட்டமும் அவ்வளவு வேகமில்லை. 1994இல் பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் பரவிய தீயில் 300க்கும் மேற்பட்டவை மாண்டன. நெடுஞ்சாலைகளில் வாகனம் மோதிச் சாவதும் அதிகம்.

● எல் சால்வடாரிலும் உருகுவேயிலும் இவை அற்றுப்போய்விட்டதாகக் கருதப்படுகிறது. அர்ஜென்டினாவின் இபெரா சதுப்பு நிலத்திலும் மறைந்துபோயிருந்தன. 2007 முதல் அங்கே மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது காட்டிலேயே குட்டி போட்டுப் பெருகுகின்றன. இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் இந்த விலங்கு தானே பிழைத்துக்கொள்ளும்!