புற்றுநோய் மரபணுத் தரவு: கிடங்கு ஆய்வுக்கூடமான கதை

மார்பகப் புற்றுநோய், குடல் புற்றுநோய் என உறுப்பின் பெயரைச் சொல்லியே பலரும் இந்நோயைக் குறிப்பிடுகின்றனர். ஆனால், ஒரே உறுப்பில் வந்த நோய் ஒருவருக்கு மருந்தில் அடங்குகிறது, இன்னொருவருக்கு அடங்குவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? விடையின் பெரும்பகுதி கட்டியின் மரபணுக்களில் இருக்கிறது.

அந்த விடையைத் தேடி அமெரிக்கா 2006ஆம் ஆண்டில் ‘புற்றுநோய் மரபணு வரைபடம்’ எனும் திட்டத்தைத் தொடங்கியது. 33 வகைப் புற்றுநோய்கள் கண்ட 11,000க்கும் மேற்பட்டோரின் கட்டிகள் ஆராயப்பட்டன. திரண்ட தரவு சுமார் 2.5 பெட்டாபைட். 1,000 கிகாபைட் கொள்ளும் வன்தட்டுகள் 2,500 இருந்தால்தான் அதைச் சேமிக்க முடியும். சிறிய ஆய்வகங்களுக்கு இது எட்டாக்கனி.

2016 ஜூன் மாதத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு ‘மரபணுத் தரவுப் பொதுக்களம்’ எனும் இணைய வாசலைத் திறந்தது. 2017இல் அதில் ஆய்வுக் கருவிகளும் சேர்ந்தன. கிடங்கிலிருந்து மூட்டையைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. அங்கேயே பிரித்துப் பார்க்கலாம்.

செய்முறை எளிது. வயது, பாலினம், நோய்வகை ஆகியவற்றைக் கொண்டு நோயாளிக் குழு ஒன்றை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மரபணு எத்தனை பேருக்கு மாறியுள்ளது என்பதை ஒரு கருவி கட்டம் கட்டமாகக் காட்டும். மாற்றம் உள்ளோரும் இல்லாதோரும் எவ்வளவு காலம் வாழ்ந்தனர் என்பதை மற்றொன்று இரு கோடுகளாக வரையும்.

எடுத்துக்காட்டாக, கிளையோமா எனும் மூளைக் கட்டியில் ஐடிஎச்1 மரபணு மாறியவர்கள், மாறாதவர்களைவிடப் பொதுவாக நீண்டகாலம் வாழ்கின்றனர். 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இம்மரபணுச் சோதனையை மூளைக் கட்டி வகைப்பாட்டிலேயே சேர்த்தது.

எனினும், கோடு மட்டும் காரணத்தைச் சொல்லாது. இம்மாற்றம் உள்ளோர் பெரும்பாலும் இளையோர். வயதும் ஆயுளைப் பாதிக்கும். இன்னொரு குறையும் உண்டு. அந்த 11,000 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர், ஆசியர்கள் குறைவு. நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் மேற்கத்தியரைவிடக் கிழக்காசியரிடம் மிக அதிகம். ஓர் இனத்தாரின் கணக்கு எல்லாருக்கும் பொருந்திவிடாது.

நோயாளிகளின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய மூலத் தரவு, அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டுமே கிடைக்கும். தொகுத்த முடிவுகளை யாரும் காணலாம். ஆனால், தமக்கான சிகிச்சையை அங்கே தேடுவது தவறு. அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் கட்டியைத் தானமளித்த ஒரு மனிதர். அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற தகவல் இனி வரும் நோயாளிக்கு வழிகாட்டுகிறது.