பஸ் போகாத ஊருக்கு வழி!

'தினமும் ஆபீஸ் மாடிப்படி ஏறுகிறோமே, போதாதா?' என்று கேட்கிற கட்சியா நீங்கள்? அப்படியானால் மஃபாத் உங்களுக்குச் சரிப்படாது சார்!

இந்துமகா சமுத்திரத்தில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு. அதன் நடுவே மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஓர் அணைந்த எரிமலை. அது சரிந்து, மழை அரித்து, மூன்று பக்கமும் மூன்று ராட்சஸப் பள்ளங்கள்... ஆட்டுக்கல் குழி மாதிரி! சலாஸி, சிலாவோஸ், மஃபாத். சுற்றிலும் செங்குத்து மலைச்சுவர். மழையாவது கொஞ்ச நஞ்சமா? 1966 ஜனவரிப் புயலில் இந்தத் தீவின் ஓரிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னைக்கு வருஷம் பூரா பெய்வதே அவ்வளவு வராது.

சலாஸி வரை சொகுசு. ரோடு உண்டு, பஸ் உண்டு, திரும்பின பக்கமெல்லாம் அருவி. 'மணப்பெண்ணின் முக்காடு' என்று ஒன்று. வெள்ளைச் சல்லாத் துணியை உதறிப் போட்டாற்போல் பல கிளையாக இறங்குகிறது. பக்கத்தில் பந்தல் பந்தலாக ஒரு காய். பேர் கேட்டேன். "ஷூஷூ" என்றார் கடைக்காரர். அட, நம்ம சௌசௌ!

மஃபாத்துக்கு ரோடே கிடையாது. கணவாய் வரை கார், அப்புறம் நடராஜா சர்வீஸ். லா நூவெல் என்ற குக்கிராமத்துக்கு இரண்டு மணி நேரம். மரப்படி, செம்மண் சறுக்கல், மறுபடி மரப்படி. தலைக்கு மேல் தடதடவென்று ஹெலிகாப்டர். கேஸ் சிலிண்டர் முதல் சிமெண்ட் வரை அதில்தான் வருகிறது.

இங்கே யார் சார் முதலில் குடி வந்தது? காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். அன்றைய சட்டப்படி, ஒரு மாசம் தலைமறைவாக இருந்து பிடிபட்டால் காதை அறுத்துத் தோளில் சூடு. மறுபடி ஓடினால் கால் நரம்பு. மூன்றாம் தடவை உயிர்! அப்படியும் ஏறினார்கள். எனக்கு மரப்படி இருந்தது, அம்புக்குறி இருந்தது, பையில் பிஸ்கெட் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். மஃபாத் என்பதே அவர்களின் தலைவன் ஒருவன் பேர். 1751-ல் முஸ்ஸார் என்ற வேட்டைக்காரன் கையில் செத்தான்.

1848 டிசம்பர் 20-ல் இங்கே அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் கரும்புக்கு ஆள் வேண்டுமே? கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள், தமிழர்கள்தான் நிறைய. அந்த வம்சத்துக்கு இங்கே 'மலபார்' என்று பேர். கோயிலும் காவடியும் அப்படியே இருக்கின்றன. தமிழ்தான் பெரும்பாலும் போய்விட்டது.

ராத்திரி தங்கின வீட்டில் சோறு, பீன்ஸ், கோழிக் 'காரி'. (ஆமாம், நம்ம கறியேதான்!) முழங்காலைத் தடவிக்கொண்டே சாப்பிட்டேன். வீட்டுக்கார அம்மாள் சிரித்தாள். மகன் மேல்படிப்புக்காக வெளியே தங்கியிருக்கிறானாம். லீவுக்கு வருவானாம்.

"ஹெலிகாப்டரிலா?" என்றேன்.

"அது சிலிண்டருக்கு. அவனுக்குக் கால் இருக்கிறதே!"