வேலிக்கு வழக்குண்டு, மகளுக்கு?

யாழ்ப்பாணத்தார் வழக்குப் பேசுவதில் வல்லவர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கும்போது கதியாலை அரை முழம் தள்ளி நட்டுவிட்டார் என்றால், அடுத்த திங்கட்கிழமையே உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியின் வாசலில் நிற்போம். கிணற்றுப் பங்குக்கும் ஒற்றைப் பனைக்கும் பாட்டன் தொடுத்த வழக்கைப் பேரன் பேசி முடித்த கதைகள் எம் ஊர்களில் உண்டு. ஆனால் அதே வளவுக்குள், அதே வீட்டில், ஒரு பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் ஒருவன் தீங்கு இழைத்துவிட்டால், நீதிமன்றம் என்ற சொல்லையே எவரும் வாயில் எடுப்பதில்லை. வேலிக்கு நியாயம் கேட்ட குடும்பம் மகளுக்கு நியாயம் கேட்க அஞ்சுகிறது.

இவ்வச்சத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று அறியாமை. பாலியல் கொடுமை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவன பொலிஸும், விளக்கமறியலும், பத்திரிகைத் தலைப்புகளுமே. 1996ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட சுண்டிக்குளி மாணவியை எவரும் மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் புங்குடுதீவில் கொல்லப்பட்ட மாணவியின் வழக்கில், 2017 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து எழுவருக்கு மரணதண்டனை விதித்ததும் அவ்வாறே. இவை குற்றவியல் வழக்குகள். இவற்றில் வழக்குத் தொடுப்பது அரசு. பாதிக்கப்பட்டவர் சாட்சி மாத்திரமே. எப்போது தொடுப்பது, எதைக் கேட்பது, எப்போது விடுவது என்பதொன்றும் அவர் கையில் இல்லை.

இதற்குப் பக்கத்திலே இன்னொரு கதவு உண்டு. அதுவே குடியியல் வழக்கு. அங்கே பாதிக்கப்பட்டவரே வழக்காளி. தீங்கு செய்தவனை எதிராளியாக நிறுத்தி, “நீ எனக்குச் செய்ததற்குப் பொறுப்புச் சொல்” என்று கேட்பவர் அவரே. இக்கதவைப் பற்றி எம்மவர் பெரும்பாலும் அறியார். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். கல்லூரியில் இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நாமே அண்மையில் ஒரு தாய் வந்து கேட்ட பின்னரே இதனைத் தேடிப் படிக்க நேர்ந்தது என்பதை வெட்கத்துடன் சொல்லவேண்டும்.

அத்தாய் எம்முடைய முன்னாள் மாணவி ஒருத்தியின் தாய். ஊரும் பேரும் இங்கே வேண்டா. இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை இனங்காட்டும் எதனையும் அச்சிடுவதை எமது தண்டனைச் சட்டக்கோவையே தடுத்திருக்கிறது. மகளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது நெருங்கிய உறவினன் ஒருவன் நடந்துகொண்ட முறை, ஐந்து ஆண்டுகள் கழித்து, அவள் படிப்பை இடைநிறுத்தி அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தபோதுதான் வெளிப்பட்டது. பொலிஸுக்குப் போக வீட்டார் விரும்பவில்லை. “எல்லாம் காலம் கடந்துபோச்சு சேர். இனி ஏதும் செய்யலாமோ?” என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஏனெனில் இவ்விடயத்தில் யாவற்றுக்கும் முதல் எண்ணிப் பார்க்கவேண்டியது காலத்தையே.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டென்பது பெருமையாகப் பேசப்படுவது. ஒல்லாந்தர் 1707இல் அதனைத் தொகுத்து வைத்தனர். ஆனால் தேசவழமை முதுசத்தையும் சீதனத்தையும் தேடியதேட்டத்தையும் பற்றிப் பேசுமேயன்றி, ஒருவர் உடலுக்கும் மானத்துக்கும் இழைக்கப்படும் தீங்கைப் பற்றி வழக்கிட வழி காட்டாது. அதற்கு யாழ்ப்பாணமென்றும் காலியென்றும் வேறுபாடின்றி நாடு முழுவதற்கும் உரியது அதே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் ஒல்லாந்தச் சட்டம். அச்சட்டத்தின்படி, ஒருவரின் உடலையும் கண்ணியத்தையும் வேண்டுமென்றே அவமதித்தவனிடம் அந்த அவமதிப்புக்காகவே நட்டஈடு கேட்கலாம். பட்ட வலிக்கும் வேதனைக்கும் கேட்கலாம். வைத்தியச் செலவு, இழந்த வருமானம் போன்ற பணவிழப்புக்கும் கேட்கலாம். வழக்குத் தாக்கல் செய்யும் இடம் மாவட்ட நீதிமன்றம்.

குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் எண்பிக்கப்படவேண்டும். சிறு ஐயம் எழுந்தாலும் அதன் பயன் எதிரிக்கே. குடியியல் வழக்கில் அவ்வளவு வேண்டியதில்லை. தராசின் எத்தட்டுச் சற்றேனும் தாழ்கின்றது என்பதே கேள்வி. ஆகவே பொலிஸார் வழக்கைக் கைவிட்டிருந்தாலும், எதிரி விடுதலை பெற்றிருந்தாலும், குடியியல் வழக்கு அதனால் மாத்திரம் அடைபட்டுப் போவதில்லை. குற்றவியல் நீதிமன்றமும் நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடும் என்பது உண்மையே. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வன்புணர்வுக் குற்றத்துக்கு அது தண்டனையின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டது. ஆனால் அந்த நட்டஈடு குற்றத்தீர்ப்பின் தோளில் ஏறி நிற்பது. மேன்முறையீட்டில் தீர்ப்பு விழுந்தால் அதுவும் உடன் விழும். குடியியல் தீர்ப்போ தன் காலில் நிற்பது.

இனிக் காலத்தைப் பார்ப்போம். வழக்கிடுவதற்கான கால எல்லையைக் கூறும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இவ்வகைத் தீங்குக்கு இரண்டு ஆண்டுகளே தருகிறது. காணி வழக்குக்குப் பத்தாண்டு எண்ணிப் பழகிய எமக்கு இது மிகக் குறுகிய காலமாகத் தோன்றும், உண்மையும் அதுவே. “பிள்ளை கொஞ்சம் தேறட்டும்”, “அக்காவின் கலியாணம் முடியட்டும்”, “திருவிழா கழியட்டும்” என்று ஒத்திப்போடும் குடும்பம் தானறியாமலே ஓர் உரிமையை இழந்துகொண்டிருக்கிறது. ஆயினும் அதே சட்டம் ஒரு கருணையும் செய்திருக்கிறது. தீங்கு நிகழ்ந்தபோது பாதிக்கப்பட்டவர் பராயமடையாதவராயின், அவர் பராயமடையும்வரை காலம் ஓடாது. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பராயம் பதினெட்டு. ஆகவே சிறுபராயத்தில் தீங்குற்ற பிள்ளைக்கு இருபதாவது பிறந்தநாள் வரை வாசல் திறந்திருக்கிறது. அதற்கு முன்னரே வழக்கிட விரும்பினால், பிள்ளையின் சார்பில் பெரியவர் ஒருவர் நீதிமன்ற அனுமதியுடன் நின்று வழக்கை நடத்தலாம்.

இதைக் கேட்ட அத்தாயின் முகத்தில் ஒரு வெளிச்சம் தோன்றி, உடனே மறைந்தது. அடுத்து அவர் கேட்டது வேறு. “காசு வாங்கினால் பிள்ளையின்ரை மானத்தை வித்ததாய்ப் போகாதோ?”

இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. எம் ஊரில் இது பலர் நெஞ்சில் உள்ள முள். எனினும் எமக்கொன்று புரியவில்லை. இதே ஊரில், பெரியவர்கள் கூடி, இருட்டில் ஒரு தொகையைக் கைமாற்றி “பேசி முடிக்கும்” வழக்கம் உண்டே. சில வேளைகளில் தீங்கு செய்தவனுக்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்படி யோசனை சொல்வாரும் உண்டே. அதில் போகாத மானம் நீதிமன்றத்தில் எப்படிப் போகும்? பேசி முடிப்பதால் குற்றம் அழிவதுமில்லை. வன்புணர்வு இருதரப்பும் இணங்கித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களில் ஒன்றன்று. இருட்டில் கொடுக்கும் பணம் வாயை அடைப்பதற்கு விலை. நீதிமன்றம் கட்டளையிடும் பணமோ, இன்னான் இன்னது செய்தான் என்று எழுதிக் கையொப்பமிட்ட தீர்ப்போடு வருவது. பிள்ளையின் சிகிச்சைக்கும் படிப்புக்கும் பணம் தேவை என்பதும் மறைக்கவேண்டிய செய்தியன்று. சபை நடுவே திரௌபதி கேட்டது ஒரு சட்டக் கேள்வி. தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பதே அது. மானம் போயிற்று என்று அவளை எவரும் சொல்வதில்லை. விடை சொல்லாமல் இருந்த பெரியோரைப் பற்றித்தான் இன்றுவரை பேசுகிறோம்.

ஊரார் முன் சொல்லவேண்டுமே என்ற அச்சத்துக்கும் ஓரளவு பரிகாரம் உண்டு. பாலியல் சம்பந்தமான விடயங்களில் பொதுமக்களை வெளியேற்றி விசாரிக்க 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சட்டத்தரணி அதை முதல் தவணையிலேயே கேட்கவேண்டும்.

நட்டஈட்டைவிட உடனடிப் பாதுகாப்பே தேவைப்படும் வீடுகளும் உள. கணவனாலோ, முன்னாள் கணவனாலோ, தந்தை, சகோதரன், மாமன், சிற்றப்பன், அவர்தம் மக்கள் போன்றோராலோ கொடுமைக்குள்ளானவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். இதற்கு நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலும், மல்லாகத்திலும், பருத்தித்துறையிலும், சாவகச்சேரியிலும், ஊர்காவற்றுறையிலும் நீதிவான் நீதிமன்றங்கள் இருக்கின்றன. எவரையும் சிறைக்கனுப்பும்படி கேட்கவேண்டியதில்லை. வீட்டுக்குள் வராதே, வேலைத்தலத்துக்கு வராதே, தொடர்புகொள்ளாதே என்று கட்டளையிடும்படி கேட்பதே போதும். நீதிவான் இடைக்காலக் கட்டளையொன்றை உடனே வழங்கலாம். பதினான்கு நாட்களுக்குள் விசாரணை. அதன்பின் பன்னிரண்டு மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை. அதை மீறுவதே தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை வலிந்து புணர்வதை எமது தண்டனைச் சட்டம் வன்புணர்வாகக் கொள்வதில்லை; அது இச்சட்டப் புத்தகத்தில் உள்ள பெருங்குறை. அடியும் அச்சுறுத்தலும் கொடிய இழிவுபடுத்தலும் சேர்ந்திருக்கும் அத்தகைய மனைவிக்கு இப்பாதுகாப்புக் கட்டளையே கைக்கெட்டிய கருவி. ஆனால் அயலவனோ, ரியூசன் ஆசிரியனோ, முதலாளியோ தீங்கு செய்தால் இச்சட்டம் உதவாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

தீங்கு செய்தவன் அரசின் சீருடையோ அதிகாரமோ உடையவனாயின் வழி வேறு. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் முற்றாக விலக்குகிறது. அது மீறப்பட்டால் நேரே உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீர்கொழும்பில் பொலிஸ் காவலில் பாலியல் சித்திரவதைக்கு ஆளான ஒரு தமிழ்ப் பெண்ணின் விண்ணப்பத்தில், அவ்வுரிமை மீறப்பட்டதென 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்த்து, செலவுத்தொகையும் சேர்த்து இரண்டரை இலட்சம் ரூபா வழங்கும்படி கட்டளையிட்டது. தொகை சிறிது, ஆனால் அரசின் பொலிஸார் செய்த கொடுமை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறிவிட்டது.

ஆசிரியராகிய எம்மைச் சுடும் இன்னொரு தீர்ப்பும் உண்டு. அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் மாணவன் கன்னத்தில் அறைந்தது 11ஆம் உறுப்புரையின் மீறல் என 2021இல் உயர் நீதிமன்றம் கூறி, அரசு ஐந்து இலட்சமும் ஆசிரியர் ஒன்றரை இலட்சமும் செலுத்தப் பணித்தது. அது பாலியல் வழக்கன்று. ஆனால் அரச பாடசாலை ஆசிரியரின் கை அரசின் கை என்பது அங்கே தெளிவாயிற்று. அறைந்த கைக்கே அப்படியாயின், வேறு நோக்கத்தோடு நீளும் கைக்கு எப்படி என்று சொல்லவேண்டியதில்லை.

இவ்வழியில் கால எல்லை இன்னும் கொடியது, ஒரேயொரு மாதம். ஆனால் அம்மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அவ்வொரு மாதத்தில் சேர்க்கப்படமாட்டாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் உண்டு.

பணமில்லாதார் என் செய்வது? 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றிச் சட்டத்தரணியைத் தருவதே அதன் தொழில். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உள்ள நட்பு நிலையத்தில் பொலிஸ் பயமின்றிப் பேசலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கங்களும் உண்டு. வைத்தியத் துண்டுகள், நாட்குறிப்பு, தொலைபேசிச் செய்திகள் எதையும் வெட்கத்தால் கிழித்து எறியாமல் வைத்திருக்கவேண்டும். அத்துமீறலால் குழந்தை பிறந்திருப்பின், 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தந்தையிடம் செலவு கேட்பது தனியான உரிமை.

இவ்வழக்குகள் எளியன என்று நாம் சொல்ல வரவில்லை. தவணை தவணையாக இழுபடும். எதிராளியின் சட்டத்தரணி கேட்கும் கேள்விகள் முள்ளாய்க் குத்தும். வென்றாலும் எதிராளியிடம் சொத்தில்லையேல் தீர்ப்புக் கடதாசியே மிஞ்சும். இவற்றையெல்லாம் அத்தாய்க்கும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மகளிட்டைக் கேட்க வேணும்” என்றார். வழக்கு மகளுடையது என்பதை எமக்கு முன்னரே அவர் புரிந்துகொண்டார்.

மறுவாரம் அப்பெண்ணே வந்தாள். சட்ட உதவி ஆணைக்குழுவின் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். என்ன முடிவெடுத்தாள் என்று நாம் கேட்கவில்லை. அவளுக்கு இருபது வயது நிறைய இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன.