தட்டிப் பார், கல் பேசும்

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? உடனே காசு கொடுக்க மாட்டார். பானையைத் தூக்கி, விரலை மடக்கித் தட்டுவார். "டங்" என்று சத்தம் வந்தால் நல்ல பானை. "டொக்" என்று வந்தால், "இதுல கீறல் இருக்குப்பா, வேற குடு" என்பார்.

வீட்டுக் கூரைக்குக் கல் வாங்குபவர்களும் இப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள். "என்னது, கூரைக்குக் கல்லா?" என்று கேட்கிறீர்களா? ஆமாம். அந்தக் கல்லின் பெயர் சிலேட்டு.

எங்கே பார்க்கலாம்?

நம் கிரான்பர்னில் பெரும்பாலான வீடுகளுக்கு ஓட்டுக் கூரை அல்லது தகரக் கூரைதான். சில சிமெண்ட் ஓடுகள் கருஞ்சாம்பல் நிறத்தில், தட்டையாக, சிலேட்டு மாதிரியே இருக்கும். ஆனா அது சிலேட்டு இல்ல! உண்மையான சிலேட்டைப் பார்க்க, மெல்பர்ன் நகரத்தை ஒட்டியுள்ள கார்ல்டன், ஃபிட்ஸ்ராய் தெருக்களுக்குப் போங்கள். அங்கே 1800களில் கட்டிய பல வீடுகளுக்குச் சிலேட்டுக் கூரை உண்டு.

அந்தக் காலத்தில் வேல்ஸ் நாட்டிலிருந்து சிலேட்டு கப்பலில் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தது. 1840இல் அடிலெய்டுக்குத் தெற்கே உள்ள வில்லங்காவில் சிலேட்டைக் கண்டுபிடித்து வெட்டத் தொடங்கினார்கள். இந்தியாவில் இமயமலைப் பக்கம், காங்ரா பள்ளத்தாக்கிலும் சிலேட்டுக் கூரை வீடுகள் உண்டு.

உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் அவர்கள் "அ, ஆ" எழுதிப் பழகிய சிலேட்டும் இந்தக் கல்லாக இருந்திருக்கலாம்.

சிலேட்டு எப்படி உருவானது?

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் சேறு படிந்தது. மேலே மேலே மண் சேர்ந்து அதை அழுத்தியது. பிறகு பூமியின் அடியில் பெரும் அழுத்தமும் சூடும் சேர்ந்து, அதைக் கெட்டியான கல்லாக மாற்றின. உளியை வைத்துத் தட்டினால் இந்தக் கல் மெல்லிய தகடுகளாகப் பிரியும். அதனால்தான் அது கூரைக்கு ஏற்ற கல்.

நம் ஊர் ஓடும் மண்தான், சிலேட்டும் மண்தான். ஓட்டை மனிதர்கள் சூளையில் சுட்டார்கள். சிலேட்டைப் பூமியே செய்தது!

நல்ல கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எல்லாச் சிலேட்டும் ஒன்று போல இருக்காது. நல்ல கல் நூறு ஆண்டுக்கு மேல் தாங்கும். மோசமான கல் சில ஆண்டுகளிலேயே உதிரும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1. தட்டிக் கேளுங்கள். நல்ல கல் மணி போல ஒலிக்கும். விரிசல் இருந்தால் "டொக்" என்று மந்தமாகக் கேட்கும்.

2. தண்ணீரில் வையுங்கள். கல்லின் பாதி உயரம் தண்ணீரில் இருக்கும்படி இரவு முழுக்க நிற்க வையுங்கள். காலையில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே கல் நனையாமல் இருந்தால் நல்லது. ஈரம் மேலே ஏறியிருந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது. "அது நமக்கு வேண்டாம்!"

3. புள்ளிகளைப் பாருங்கள். சில கற்களில் தங்கம் போலப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். அது தங்கம் இல்லை, இரும்பு கலந்த ஒரு கனிமம். சில வகை மழையில் துருப்பிடித்து, கடைசியில் அந்த இடத்தில் ஓட்டை விழும்.

ஆணியை மறக்காதீர்கள்

சில பழைய வீடுகளில் கூரை ஒழுகும். "கல்லு பழசாயிடுச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படக் கூடாது. பல நேரம் கல் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணிதான் துருப்பிடித்து உடைந்திருக்கும். அப்போது கல் நழுவி, தண்ணீர் உள்ளே வரும்.

அதனால் நல்ல கொத்தனார் முதலில் பழைய கற்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். "டங்" என்று ஒலிப்பதை எடுத்து வைத்து, செம்பு ஆணி அடித்து மீண்டும் கூரையில் ஏற்றுவார். செம்பு இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. கல் நூறு வருஷம் இருந்தால், ஆணியும் அவ்வளவு நாள் இருக்க வேண்டும் இல்லையா?

பழசு என்பதற்காக ஒன்றைத் தூக்கிப் போடக் கூடாது. புதுசு என்பதற்காக ஒன்றை நம்பவும் கூடாது. பாட்டி செய்வதைப் போல, முதலில் தட்டிப் பாருங்கள்.

(கூரை மேல் ஏறாதீர்கள்! அது பெரியவர்கள், அதுவும் பயிற்சி உள்ளவர்கள் செய்யும் வேலை.)

சொல் அறிவோம்

சூளை – செங்கல், ஓடு ஆகியவற்றைச் சுடும் இடம்
உளி – கல்லையும் மரத்தையும் செதுக்கும் கருவி
விரிசல் – மெல்லிய பிளவு
ஒழுகுதல் – தண்ணீர் கசிந்து சொட்டுதல்

சிந்திப்போம்

1. சிலேட்டுக்கும் ஓட்டுக்கும் உள்ள ஒற்றுமை என்ன? வேற்றுமை என்ன?
2. செம்பு ஆணியை ஏன் பயன்படுத்துகிறார்கள்?
3. தட்டிப் பார்த்து வாங்கும் வேறு பொருள்கள் எவை? வீட்டில் கேட்டு எழுதுங்கள்.