பெரிய தோட்டாவா, பொருந்திய தோட்டாவா?

வேட்டைக்குச் சிறந்த துப்பாக்கி எது? இக்கேள்வி நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. கனமான குண்டே விலங்கை நின்ற இடத்தில் நிறுத்தும் என்பர் ஒரு சாரார். இலேசான குண்டாயினும் வேகமாகச் சென்றால் போதும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டுவர். ஆயினும், அனுபவத்தோடு கணக்கும் பௌதிகமும் சேர்ந்தால்தான் இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூற இயலும். இது வெறும் பொழுதுபோக்கு வாதமும் அன்று. பொருந்தாத தோட்டாவால் சுடப்பட்ட விலங்கு சாவதில்லை. காயத்தோடு காட்டுக்குள் ஓடுகிறது. அதன் பின் நேர்வது என்ன என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காணலாம்.

தோட்டா, குண்டு, ரவை

பேச்சு வழக்கில் இம்மூன்று சொற்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வழங்கப்படுகின்றன. பொருளை ஆராயுமுன் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளை உறை, அடிபட்டதும் பொறி தரும் அடிக் கேப்பு, உறைக்குள் இட்ட வெடிமருந்து, உறையின் வாயிற் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. இவற்றுள் குழலை விட்டு இலக்கை நோக்கிப் பாய்வது குண்டு மட்டுமே. ரவை என்பது ஒரே தோட்டாவுக்குள் பலவாக அடைக்கப்படும் சிறு உருண்டை.

ரவைத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரவைகள் வெளிவந்ததும் பரவிச் செல்லும். ஆகவே அது அண்மைக்கே உதவும். நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட உரிமம் பெற்றோர் பெரும்பாலும் கையாள்வது இதுவே. ரைபிளின் குழலிலோ திருகுபுரி போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் குண்டு சுழன்றவாறே வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போலச் சுழலும் குண்டும் தலை புரளாமல் முனை முன்னாகச் செல்கிறது. தொலைவிற் சுடுதல் ரைபிளுக்கு உரியதாக அமைந்த காரணம் இதுவே.

பெயர்கள் காட்டும் குழப்பம்

தோட்டாக்களின் பெயரை மட்டும் கொண்டு அவற்றை ஒப்பிட முயல்வோர் ஏமாறுவர். ஜெர்மானிய முறையில் 7x57 என்றால் குழலின் உள்விட்டம் 7 மில்லிமீட்டர், உறையின் நீளம் 57 மில்லிமீட்டர் என்பது பொருள். பிரிட்டிஷ் முறையில் .303 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் கூறுவது. அமெரிக்கரின் .30-06 என்பதில் பின் வரும் எண் அளவே அன்று. 1906ஆம் ஆண்டில் படைக்கு ஏற்கப்பட்டது என்பதன் குறி. .450/400 என்பது .450 அங்குலக் குண்டுக்கு உரிய உறையின் கழுத்தைச் சுருக்கி .400 அங்குலக் குண்டைப் பொருத்தியது என்பதைக் காட்டும். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. மௌசர் நிறுவனத்தின் 7x57 தோட்டாவையே லண்டன் ரிக்பி நிறுவனம் ".275 ரிக்பி" என்று விற்றது. பெயர் இரண்டு, தோட்டா ஒன்று.

எடையும் வேகமும்

குண்டு சுமந்து செல்லும் இயக்க ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். எடை இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும். 7x57 தோட்டாவில் 9 கிராம் குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,000 ஜூல். .450/400 தோட்டாவின் 26 கிராம் குண்டு 650 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் ஏறத்தாழ 5,500 ஜூல். எடை மூன்று மடங்கை நெருங்கினும், ஆற்றல் இரு மடங்கைக்கூட எட்டவில்லை என்பதைக் காண்க. வேகத்தின் பக்கம் நிற்போருக்கு இக்கணக்கே துணை.

எனினும், துப்பாக்கி குண்டை முன்னே தள்ளும் அதே வேளையில் சுடுபவனின் தோளைப் பின்னே தள்ளுகிறது. வினைக்கு ஒத்த எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் விதிக்கு வேட்டைக்காரனும் விலக்கு அல்லன். யானை வேட்டைக்கென்று செய்யப்பட்ட .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 58 கிராம். ஆற்றல் ஏறத்தாழ 10,000 ஜூல். துப்பாக்கியோ 7 கிலோகிராம் அளவுக்குக் கனத்தது. இத்தகைய உதைப்புக்கு அஞ்சிய கை, விசையை இழுக்குமுன்பே நடுங்கும். நடுங்கிய கை விட்ட பெரிய குண்டைவிட நடுங்காத கை விட்ட சிறிய குண்டு மேலானது.

இதை மெய்ப்பித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்ற இவர், அவற்றுட் பெரும்பாலானவற்றை 7x57 தோட்டாவினாலேயே வீழ்த்தினார். அதன் குண்டு 11 கிராமே, அதன் ஆற்றல்.600 குண்டினதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியது. யானையின் மண்டையோட்டின் அமைப்பை ஆராய்ந்து, எப்பக்கம் நின்று நோக்கினால் மூளை எங்கே இருக்கும் என்பதை அவர் அறிந்து வைத்திருந்தார். யானையைக் கொன்றது அந்த அறிவு. குண்டு அதற்குக் கருவியாயிற்று.

ஆயின், பெல் செய்ததை எல்லோரும் செய்ய இயலுமா? ஆப்பிரிக்க நாடுகள் பல, யானை முதலிய பெருவிலங்குகளுக்கு .375 அங்குலத்துக்குக் குறைந்த துப்பாக்கி கூடாது என்று விதி வகுத்தன. 1912ஆம் ஆண்டில் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் வெளியிட்ட .375 தோட்டா இவ்விதிக்கு அளவுகோலாயிற்று. சட்டம் கைதேர்ந்த ஒருவனை எண்ணி எழுதப்படுவதில்லை. குறி சற்றே தவறக்கூடிய பலரை எண்ணி எழுதப்படுவது.

ஊடுருவும் குண்டும் விரியும் குண்டும்

எடையும் வேகமும் ஒத்திருக்கும் இரு குண்டுகள் விலங்கின் உடலுக்குள் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும். புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பைத் தமிழாசிரியர் அறிவர். அது யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து, உடும்பிற் சென்று தங்கியது. வேட்டை நூலார் மொழியிற் சொன்னால் அஃது ஊடுருவும் அம்பு. முழுதும் உலோகக் கவசம் போர்த்த குண்டும் அவ்வகையே. தடித்த தோலும் எலும்பும் உடைய யானைக்கு அதுவே வேண்டும். பெல் பயன்படுத்தியதும் அதுவே. மெல்லிய தோல் உடைய மானுக்கு அதைச் சுட்டால், சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். மான் உடனே விழாது. நெடுந்தொலைவு ஓடி, நெடுநேரம் துன்புற்று மடியும்.

மானுக்கும் புலிக்கும் உரியது விரியும் குண்டு. அதன் முனையில் கவசம் இராது. ஈயம் வெளியே தெரியும். உடலிற் பட்டதும் காளான் போல விரிந்து, தன் ஆற்றலை உள்ளேயே செலவிட்டு விரைவிற் கொல்லும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890களில் .303 துப்பாக்கிக்கென இத்தகைய குண்டு செய்யப்பட்டது. ஊரின் பெயரே குண்டின் பெயராயிற்று. மனிதர்மேல் இதைச் சுடுதல் கொடுமை என்று 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் இதைத் தடுத்தது. வேட்டையிலோ நிலை நேர்மாறு. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ரைபிளுக்குக் குறைந்த அளவாக .240 அங்குலக் குழலையும் 1,700 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,300 ஜூல் ஆற்றலையும் விதித்ததோடு, விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. போரிற் கொடுமை எனப்பட்டது வேட்டையிற் கருணை ஆயிற்று. வீரனைக் காயப்படுத்திப் போரிலிருந்து விலக்கினாலே போதும். விலங்கைக் காயப்படுத்தி விடுவதோ பெருங்கொடுமை.

தொலைவு கேட்கும் விலை

குண்டு நேர்கோட்டிற் செல்லும் என்பது பலருடைய எண்ணம். அது தவறு. குழலை விட்ட கணமே குண்டு விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவிய கல் எவ்வளவு விரைவாக விழுமோ, ஏறத்தாழ அவ்வளவு விரைவாகவே பாயும் குண்டும் விழுகிறது. விநாடியின் பத்தில் ஒரு பங்கில் 5 சென்டிமீட்டர். அரை விநாடியில் 122 சென்டிமீட்டர். ஒரு விநாடியில் 490 சென்டிமீட்டர். நேரம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்காகும். ஆதலால், தொலைவிற் சுடுவோனுக்கு வேகத்தைக் காப்பதே முதற்கவலை.

அவ்வேகத்தைத் தின்பது காற்று. காற்றின் தடை எவ்வளவு பெரிது என்பதை 1742ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர் சோதனை வாயிலாகக் காட்டினார். தடையை வெல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, முனையைக் கூராக்குதல். 1898இல் பிரான்சும், 1905இல் ஜெர்மனியும், 1906இல் அமெரிக்காவும், 1910இல் பிரிட்டனும் தம் படைகளுக்குக் கூர்முனைக் குண்டை ஏற்றன. மற்றொன்று, குறுகிய குண்டில் மிகுந்த எடையை அடக்குதல். அதாவது குண்டை நீளமாக்குதல்.

இரண்டாம் வழியை இன்றைய இரு தோட்டாக்கள் விளக்கும். 1952இல் வந்த .308 வின்செஸ்டரின் போட்டிக் குண்டு ஒன்று 10.9 கிராம் எடையும் 7.82 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. 2007இல் வந்த 6.5 கிரீட்மூரின் குண்டு 9.1 கிராம், விட்டம் 6.71 மில்லிமீட்டர். இரண்டும் விநாடிக்கு 800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் புறப்படுகின்றன. குறுக்குப் பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் முதலதற்கு 22.7 கிராமும் இரண்டாவதற்கு 25.7 கிராமும் எடை கிடைக்கிறது. 1,000 கெஜத் தொலைவில் முதற்குண்டு ஒலியின் வேகத்தை ஒட்டித் தளர்ந்துவிடுகிறது. இலேசான இரண்டாம் குண்டோ அவ்வேகத்துக்கு மேலேயே செல்கிறது. குறுக்குக் காற்றாலும் குறைவாகவே ஒதுக்கப்படுகிறது. மொத்த எடையில் தோற்றது அமைப்பில் வென்றது.

இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் நடக்கும் போட்டிகளில் 1,000 கெஜத்தில் இலக்கை அடிப்பது பெருமை. ஆனால் காகித இலக்கு அசைவதில்லை. அத்தொலைவைக் கடக்க நல்ல குண்டுக்கும் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்கு விட்ட குண்டு வயிற்றிற் படும். மைதானத்திற் சிறந்த தோட்டா என்பதாலேயே அத்தொலைவில் வேட்டைக்கும் அது தகும் என்று கொள்ளுதல் பிழை.

சம்பாவத் புலி சொல்லும் பாடம்

பிழைபட்ட சூட்டின் விலையை 1907ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தின் குமாவோன் மலைப்பகுதியில், சம்பாவத் என்னும் ஊரருகே ஜிம் கார்பெட் ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேப்பாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்ற மக்கள் 436 பேர் என்று கணக்கிடப்பட்டது. கார்பெட் கையில் .500 அங்குல இரட்டைக் குழல் ரைபிள் இருந்தது, தோட்டாக்களோ மூன்றே. மூன்றும் தீர்ந்த பின், உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். இருபது அடியிலிருந்து திறந்த வாயைக் குறிவைத்த அக்குண்டு முன்காலிற் பட்டது! முன்னரே குற்றுயிராக இருந்த புலி அத்தோடு விழுந்தது.

இறந்த புலியை நோக்கியபோது, வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாகவும் கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூட்டின் விளைவு அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதாலேயே அது மனிதரை நாடியது என்று கார்பெட் எழுதினார். ஆட்கொல்லிப் புலிகள் பத்தில் ஒன்பது காயத்தாலேயே அவ்வாறாகின்றன என்பது 1944இல் வெளிவந்த அவரது நூலின் கருத்து. யாரோ ஒருவர் என்றோ விட்ட, இடம் தவறிய ஒரு குண்டுக்கு நூற்றுக்கணக்கான ஏழை மலைமக்கள் உயிரால் விலை கொடுத்தனர்.

அப்புலியைக் கொன்றமைக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவட் கார்பெட்டுக்கு அளித்தது .275 ரிக்பி ரைபிள். இலேசான அதையும், கனமான .450/400 இரட்டைக் குழல் ரைபிளையும் அவர் பின்னாளில் இடத்துக்கு ஏற்பக் கையாண்டார். கனமா, வேகமா என்னும் வழக்குக்கு அவர் துப்பாக்கிகளே விடை.

ஆகவே, சிறந்த தோட்டா எது என்று வினவுமுன் வேறு நான்கு வினாக்கள் எழ வேண்டும். விலங்கு எது? தொலைவு எவ்வளவு? அவ்வுடலுக்கு ஏற்ற குண்டு ஊடுருவுவதா, விரிவதா? சுடுபவனின் தோள் அந்த உதைப்பைத் தாங்குமா? இந்நான்குக்கும் ஒத்து வருவதே அந்த இடத்துக்குச் சிறந்தது. அவற்றுள் ஒன்றுக்கு மாறானாலும், துப்பாக்கியைத் தாழ்த்துவதே அறம்.

புலி வேட்டை இன்று முடிந்த கதை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் காக்கின்றன. ஆயினும், பன்றியும் மானும் உரிமத்தின் பேரில் எங்கெங்கோ சுடப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. விசையை இழுக்கும் விரலுக்குக் கணக்குத் தெரிந்திருந்தால் காட்டிற் காயத்தோடு அலையும் உயிர்கள் குறையும். அவற்றின் எதிரே வந்துவிடும் மனிதருக்கும் நலம் விளையும்.